பீர்மலைக்குச் சுமந்த தண்ணீர்

செருப்பின் வார் சுண்டுவிரலை அறுக்கிறதே, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாமா, பாறை சுடுமே, சுட்டால் சுடட்டுமே என்று மைமூன் நின்றாள். நின்றதும் எதற்கு நின்றோம் என்பது மறந்துபோயிற்று. கோட்டையின் முதல் வாசல் தலைக்கு மேலே நிழல் போட்டிருந்தது. உள்ளே வௌவால் வாடை. "என்ன புள்ள, இங்கனயே குடி வந்துரலாம்னு பாக்குறியா? நட, நட" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள் கமரு மதினி, அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. மூச்சு இரைத்தாலும் கமருவுக்கு வாய் மட்டும் ஓயாது. பாவம், நல்ல மனுஷிதான். தோள்பையில் எலுமிச்சை ஜூஸ், பொரிகடலை, நாட்டுச்சர்க்கரை, ஊதுபத்தி என்று ஒரு பெட்டிக்கடையையே தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். அண்ணன் காஜா மைதீன் முட்டிவலி என்று சொல்லிக் கீழே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். முட்டிவலி உண்மைதான். தங்கச்சி முகத்தை இன்றைக்குப் பார்க்காமல் இருக்க அந்த முட்டிவலி அவருக்கு வசதியாகப் போயிற்று என்பதும் உண்மைதான். உச்சியில் தர்கா வாசலில் அவர்கள் காத்திருப்பார்கள், வத்தலக்குண்டு பேக்கரிக்காரர் சிராஜுதீனும் அவருடைய அம்மா ஹவ்வாம்மாவும். நாற்பத்தொரு வயதில் மைமூனைப் பெண் பார்க்கிறார்கள். ஊரே சிரிக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கையில் ஒரு பாட்டில் தண்ணீர். அதுதான் இன்றைக்கு அவளுடைய வாய். பீர்மலை உச்சியில் அவுலியா, அந்த மகான், அடங்கியிருக்கிற இடத்தில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. கோட்டை கட்டியவர்கள் வெட்டிவைத்த சுனைகள் இருக்கின்றன, எல்லாம் பாசி பிடித்துக் கிடக்கின்றன. அதனால் ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் தண்ணீர் சுமந்துபோய் தர்கா வாசலில் இருக்கும் கல்தொட்டியில் ஊற்றவேண்டும். இந்துவானாலும் துலுக்கரானாலும் இதில் விலக்கில்லை. வருகிறவர்கள் கைகால் கழுவுவதும் தொழுகைக்கு ஒளு செய்வதும் அதில்தான். சுமக்கிறவர் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. அந்த வழக்கத்தில் இன்னொரு வழக்கம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. புருஷனை இழந்த பெண்ணுக்கு, தள்ளிவைக்கப்பட்ட பெண்ணுக்கு மறுபடி மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் தெருவுக்குத் தெரியாமல் இங்கே வந்துவிடுவார்கள். பெண்ணிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அவள் தன் தண்ணீரை மாப்பிள்ளையின் தாயார் கையில் கொடுத்தால் சம்மதம். தானே தொட்டியில் ஊற்றிவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். ஊற்றிவிட்டால் என்ன, எல்லோரும் தர்காவுக்கு ஜியாரத் வந்த கணக்கில் சர்க்கரையைத் தின்றுவிட்டு இறங்கிப் போகலாம். யார் முகமும் கோணாது. எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்ததோ, நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.

கொடுப்பதா, ஊற்றுவதா. முதல் வாசலிலிருந்து இரண்டாவது வாசலுக்குப் போகும் வழியில் மதில் பாம்புச்சட்டை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. மைமூன் அதன் நிழலை மிதித்து மிதித்து ஏறினாள். கொடுப்பதா, ஊற்றுவதா. திண்டுக்கல் கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் செய்கிற வேலையே இதுதானே. வருகிறவர் கண்ணில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இப்ப தெரியுதா, இப்ப, முதல்ல போட்டதா, ரெண்டாவதா, எது தெளிவு. சில பேர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சில பேர் சுவரில் இருக்கிற எழுத்துகளையே பார்த்துக்கொண்டு, ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சலாக வரும். ஒன்றாக எப்படி இருக்கும், கொஞ்சமாவது வித்தியாசம் தெரியாதா, நல்லாப் பாருங்கய்யா. இப்போது தெரிகிறது அந்த ஐயாமார்களின் கஷ்டம். ஒரு வில்லையில் அண்ணன் வீட்டு மாடி அறை. தகரக்கூரை, ஒற்றைக் கட்டில், அதில் குறுக்காகப் படுத்தாலும் கேட்க ஆளில்லை. ஃபேனை அஞ்சில் வைத்தாலும் கேட்க ஆளில்லை. மாசச் சம்பளம் அவள் கையில். இன்னொரு வில்லையில் பேக்கரி வாசனை அடிக்கும் ஒரு வீடு, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் பல் தேய்க்கும் சத்தம், அவன் குறட்டை விடுவானா, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுவானா, ராத்திரியில் விளக்கை அணைக்கச் சொல்வானா. அண்ணன் மகனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். மாடி அறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கமரு மதினி சத்தியமாகப் பேசமாட்டாள். யாரும் பேசாமல் இருக்கிறார்களே, அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இரண்டாவது வாசலுக்குப் பக்கத்தில் மேடையில் ஒரு பீரங்கி கிடந்தது. யாரோ ஒரு குடும்பம் குழந்தையை அதன்மேல் உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை சூடு தாங்காமல் அழ, அப்பன்காரன் சிரிடா சிரிடா என்று அதட்டினான். கமரு மதினி அவர்களோடு ஊர் பேர் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். மைமூன் மதிலோரமாகப் போய்க் கீழே பார்த்தாள். குளம் ஒரு மூக்குக்கண்ணாடி வில்லை அளவுக்கு மின்னியது. நாலுவழிச் சாலையில் லாரிகள் சத்தமே இல்லாமல் ஊர்ந்தன. இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யாருக்குப் பயந்தார்கள் இவர்கள், இந்தக் கோட்டைக்காரர்கள்? வாசலுக்குள் வாசல், மதிலுக்குப் பின்னால் மதில். புருஷன் இறந்தபின் அவள் இத்தா இருந்த அறையும் இப்படித்தான் இருந்தது. வெளி வாசல், உள் வாசல், அதற்கும் உள்ளே ஒரு திரை. புருஷன் மவுத்தான செய்தி வந்த அன்றே அம்மா வெள்ளைப் புடவை கொடுத்து அந்த அறையில் உட்காரவைத்தாள். யாரும் உள்ளே வரக் கூடாது, இவளும் வெளியே போகக் கூடாது. கெடு முடிந்ததும் கதவைத் திறந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று வெளிய வா என்றார்கள். வந்தாளா? வந்தாள், வேலைக்குப் போனாள், சம்பளம் வாங்கினாள், அம்மாவின் மையத்தைக் கண்ணால் பார்த்து அழுது அனுப்பிவைத்தாள். ஆனால் ஏதோ ஒன்று அந்த அறையிலேயே இன்னும் உட்கார்ந்துகொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியும், வேறு யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் கண்ணாடிக் கடை முதலாளியம்மா ஒரு டாக்டர் பேரை எழுதிக் கொடுப்பாள்.

விஷயம் இதுதான். புருஷன் ஹிதாயத்தை அவள் புதைக்கவில்லை. சவுதியில், அவன் வேலை பார்த்த தம்மாமில், கூடத் தங்கியிருந்தவர்கள் குளிப்பாட்டினார்கள், கபன் துணி சுற்றினார்கள், தொழவைத்தார்கள், புதைத்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது என்று போனில் சொன்னார்கள். நெஞ்சுவலி என்றார்கள். வேலை செய்துகொண்டிருந்தபோது என்றார் ஒருவர், தூக்கத்தில் என்றார் இன்னொருவர். உடம்பை ஊருக்குக் கொண்டுவர ஆகிற அலைச்சலுக்கு அங்கேயே அடக்குவது நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவளுக்கு அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆக, போனில் குரலாக இருந்தவன் போனிலேயே போய்விட்டான். ஊரில் புருஷனை இழந்த மற்றப் பெண்களுக்குப் பள்ளிவாசல் பின்னால் கபுருஸ்தான் சுவராவது இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாகப் போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உதட்டுக்குள் எதையாவது முணுமுணுக்கலாம். மைமூன் எந்தச் சுவரைப் பார்ப்பாள்? டவர் கிடைக்காத ஏதோ ஓர் இடத்தில் அவன் இருக்கிறான் என்பதுபோலத்தான் இத்தனை வருஷமும் ஓடியது. இருக்கிறவனை வைத்துக்கொண்டு இன்னொருவனுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது? பைத்தியக்காரி, அவன் இல்லை, இல்லவே இல்லை. இல்லை என்று தெரியும். தெரிவது வேறு எங்கோ இருக்கிறது, நெஞ்சு வேறு எங்கோ இருக்கிறது.

"பொம்பளையா இது, பொம்மையா?" கமரு மதினி முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "நான் முன்ன போறேன். அவங்க வந்து எம்புட்டு நேரமாச்சோ. நீ மெதுவா வந்து சேரு. வர்ற வழியில முகத்தைத் தொடச்சுக்க, எண்ணெய் வடியுது." போகிற போக்கில் குனிந்து இவள் காதோரம், "எனக்காக ஒண்ணும் செய்யாத புள்ள. உனக்கு எது தோணுதோ அதைச் செய்யி. மேல இருக்க ரூம்பு உன்னோடதுதான், எவன் கல்யாணம் பண்ணா என்ன" என்று சொல்லிவிட்டுப் போனாள். அட, மதினி சொல்லிவிட்டாளே. மைமூனுக்குக் கண் கரித்தது. முள் போய்விட்டது. ஆனால் அந்த முள்ளைத்தான் இத்தனை நாள் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் போலிருக்கிறது, போனதும் தள்ளாடியது. இனிமேல் யாருக்காகவோ செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கொடுத்தால் அவள்தான் கொடுத்தாள், ஊற்றினால் அவள்தான் ஊற்றினாள்.

மூன்றாவது வாசலுக்குக் கொஞ்சம் கீழே மருந்துக் கிடங்கு என்று எழுதிய நீலப் பலகையும், பலகைக்குப் பின்னால் வளைந்த கூரையோடு ஒரு நீளமான கல் அறையும் இருந்தன. அந்தக் காலத்தில் பீரங்கிக்கு வேண்டிய வெடிமருந்தை இங்கேதான் வைத்திருந்தார்களாம். வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே போனாள். ஆஹா, என்ன குளிர்ச்சி. சுவரெல்லாம் கரிக்கோட்டில் இதயப் படங்கள், அம்பு, இன்னார் இன்னாரை நேசிக்கிறார். அவர்கள் எல்லாம் இப்போது எங்கே இருப்பார்கள், அந்த இன்னார் இந்த இன்னாரைக் கட்டினாளா, கட்டியிருந்தால் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளினானா? ஒரு கல்லில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். ஹிதாயத் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூப்பிடுவான். கூப்பிட்டதும் முதல் பேச்சு, என்ன புள்ள, சாப்டியா. வார்த்தை ஞாபகம் இருக்கிறது, குரல் இல்லை. இதுதான் அவளை ராத்திரிகளில் எழுப்பி உட்காரவைக்கும் பயம். குரல் போய்விட்டது. அந்த வார்த்தையை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாலும் அவளுடைய குரலிலேயே வருகிறது, இல்லாவிட்டால் அண்ணன் குரலில், ஒருதரம் டிவியில் செய்தி வாசிக்கிறவர் குரலில்கூட வந்துவிட்டது. இருமல் ஞாபகம் இருக்கிறது. பேச்சுக்கு நடுவில் சின்னதாக இரண்டு இருமல், ஏசி காத்து புள்ள என்பான். என்ன புள்ள, சாப்டியா. என்ன புள்ள. கண்ணை மூடினாள். இருட்டில் சில்லென்று ஏதோ காற்று வந்தது, எங்கேயோ ஒரு புறா குமுறியது, கல் அறை அந்தக் குமுறலை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.

அன்றைக்கும் இப்படித்தான் ஒரு புறா. செய்தி வந்த அன்று, பக்கத்து மாடியில். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார், அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள், யாரோ இவளைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள், யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் திணிக்கிறார்கள். குடி, ஒரு வாய் குடி தாயி. செம்பு கையில் இருக்கிறது. குடிக்கத் தோன்றவில்லை. தெருவே வீட்டுக்குள் வருகிறது, ஓதுகிறார்கள், அழுகிறார்கள், வெற்றிலைத் தட்டு போகிறது வருகிறது, வெயில் முற்றத்தை விட்டு இறங்கிப் போகிறது, செம்பு கையிலேயே இருக்கிறது. யாரோ வாங்கப் பார்த்தார்கள், அவள் விடவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, தொண்டை வறண்டு எரிந்தது, ஆனாலும் குடித்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். கடைசியில் அந்தத் தண்ணீரை அம்மா துளசிக்கோ, இல்லை, துளசி பக்கத்து வீட்டில், முருங்கை மரத்துக்கு ஊற்றினாள். தாகம் மட்டும் போகவே இல்லை. இப்போதும் அந்தத் தாகம் இருக்கிறதே, தொண்டைக்குழியில், அதே இடத்தில். அம்மா நிற்கிறாள் முன்னால். அம்மா மவுத்தாகி எத்தனை வருஷம், நிற்கிறாள் பாரேன், தலையில் முக்காடு, கண்ணெல்லாம் வீங்கி. குடி தாயி, ஒரு வாய் குடி. சரிம்மா என்கிறாள் மைமூன். இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாயே, கை வலிக்கலையா என்கிறாள் அம்மா. வலிக்குதும்மா. அப்ப குடிச்சிரு. குடித்தாள். எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு இனிப்பு, தொண்டையில் இறங்கி நெஞ்சில் இறங்கி வயிற்றில் போய் நிறைந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே குடித்தாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

புறா படபடவென்று பறந்தது. கண்ணைத் திறந்தால் மடியில் பாட்டில் கிடக்கிறது, மூடி எங்கேயோ உருண்டு போயிருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடி பாவி. அடி பாவி மைமூனு, என்ன காரியம் பண்ணித் தொலைச்ச! நிஜமாகவே எழுந்து நின்று தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டாள். கீழே போய்க் கொண்டுவரலாமா, பாதி மலை இறங்கவேண்டும், ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெளியே வந்து சுனையைத் தேடி ஓடினாள். பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. பச்சை நிறத்தில் ஏடு கட்டிய தண்ணீர், அதில் தலைப்பிரட்டைகள் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன, ஒரு சிப்ஸ் பாக்கெட் மிதந்தது. பாட்டிலை முக்கப் போன கை நின்றது. இதை ஹவ்வாம்மா கையில் கொடுத்தால் அந்த அம்மா என்ன நினைக்கும், மருமகளாக வரப் போகிறவள் தலைப்பிரட்டை கொண்டுவந்திருக்கிறாள் என்றா? சிரிப்பு வந்தது. காலையிலிருந்து வராத சிரிப்பு இப்போது, சுனைக்கரையில், தனியாக. அழுத மூக்கோடு சிரிப்பதைப் பார்த்த ஒரு குரங்கு மதில்மேல் நகர்ந்து உட்கார்ந்தது. சரி, வருவது வரட்டும். வெறும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறினாள். உடம்பு லேசாக இருந்தது. அது வேறு அவளுக்குப் பயமாக இருந்தது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பச்சைக் கொடி படபடக்க, சாம்பிராணிப் புகை தர்கா வாசலில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாமல் ஓடியது. சின்னக் கட்டடம்தான், சுண்ணாம்பு பூசியது. உள்ளே பச்சைப் போர்வை போர்த்திய அவுலியாவின் கபுரு, மேலே மல்லிகைச் சரம். மைமூன் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். வெறும் ஒரு மனுஷன் நீளத்துக்கு இருந்தது. தர்காவில் ஓதுகிற லெப்பை வந்து மயிலிறகுக் கட்டை அவள் தலையில் வைத்து எடுத்தார். கல்தொட்டிப் பக்கம் விரித்திருந்த பாயில் ஹவ்வாம்மா உட்கார்ந்திருந்தாள், சிவந்த, பருத்த மனுஷி, கையெல்லாம் மருதாணி. கமரு மதினி தன் தண்ணீரை ஏற்கெனவே தொட்டியில் ஊற்றிவிட்டு, இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பாட்டிலைப் பார்த்ததும் முகம் செத்துப்போனாள். ஹவ்வாம்மாவும் பாட்டிலைத்தான் பார்த்தாள். "வாம்மா, உக்காரு" என்றாள், குரல் இறங்கிப்போய். "ஊத்திட்டியாம்மா? பரவால்ல. அல்லா வச்சதுதான நடக்கும். இந்தா, சர்க்கரை எடுத்துக்க." பாவம், அந்த அம்மா இவள் முகத்தைப் பார்க்காமலே தட்டை நீட்டினாள். அப்படியே விட்டுவிட்டால் முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம், மாடி அறை, தகரக்கூரை, ஃபேன் அஞ்சில். தட்டை நோக்கிக் கை போயிற்று.

"ஊத்தல மாமி. குடிச்சிட்டேன்."

"குடிச்சிட்டியா!"

"வழியில ஒக்காந்தேன். என்னமோ நெனப்புல, அப்படியே குடிச்சிட்டேன். முழுசா."

கமரு மதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா, என் பையில ஜூஸு இருந்துச்சே! கேட்டா குடுத்திருக்க மாட்டனா? இப்ப என்ன பண்றது, அந்த ஜூஸை ஊத்தித் தந்தா ஆகுமா லெப்பை?" லெப்பை இந்த மாதிரி ஒரு கேள்வியைத் தன் ஆயுளில் கேட்டதில்லை போல, மயிலிறகைத் தோளில் சாத்திக்கொண்டு யோசித்தார். அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்தார். அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. சிராஜுதீன். தொட்டிக்கு அந்தப் பக்கம் மதிலில் சாய்ந்து நின்றிருந்தார், நரைத்த தாடி, முன்கையில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். "தாகம்னா குடிக்கத்தான வேணும், அத்தினி வெயிலு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "தண்ணி இல்லாட்டி என்னம்மா, அவங்க வாயாலயே சொல்லட்டும். ரெண்டு வார்த்தை நானும் சொல்ல வேண்டியது இருக்கு" என்றார். ஹவ்வாம்மா கமருவைப் பார்த்தாள், கமரு லெப்பையைப் பார்த்தாள், லெப்பை வானத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. கமரு மதினி பார்வை படும் தூரத்தில் பாயில் உட்கார்ந்து பொரிகடலையை நோண்டத் தொடங்கினாள்.

மதிலோரத்தில் இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம். காற்று முக்காட்டைப் பிடுங்கியது. இப்போது சொல்லவேண்டும். கொடுப்பது, ஊற்றுவது எதுவும் கிடையாது, நாக்கால் சொல்லவேண்டும். இந்த நாக்கால் கடைசியாக எப்போது தனக்கென்று ஒன்று சொன்னோம் என்று தேடினாள். முதல்ல போட்டதா, ரெண்டாவதா. கண்ணுக்குள் எழுத்துகள் மங்கின, தெளிந்தன. அவர்தான் முதலில் பேசினார். "என் வீட்டுக்காரி மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு. வத்தலக்குண்டு கபுருஸ்தான்லதான் இருக்கா. வியாழக்கெழமை சாயங்காலம் போவேன், ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டு வருவேன். நிக்காஹ் ஆனாலும் போவேன். அதுல உங்களுக்கு வருத்தம் வரும்னா இப்பயே சொல்லிருங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்தார். மைமூனுக்கு நெஞ்சு வலித்தது. அந்த வியாழக்கிழமைமேல், அந்தப் பத்து நிமிஷத்தின்மேல், நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறதே அதன்மேல், அப்படி ஒரு பொறாமை. அவள் அறியாமலே வாய் திறந்துகொண்டது. சவுதியில் அடக்கினார்கள், தம்மாமில், நான் பார்க்கவே இல்லை, ஒரு பிடி மண் போடவில்லை, குரல்கூட மறந்துபோச்சு, அவர் இல்லை என்று எனக்கு இன்னும் யாருமே காட்டவில்லை. கோர்வையில்லாமல் கொட்டினாள். கொட்டக் கொட்ட அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு இருந்ததா உள்ளே. "அங்கே ஒரு தடவை போகணும்" என்று நிறுத்தினாள். "அது முடியாம எனக்கு எதுவும் சொல்ல வராதுன்னு நினைக்கிறேன்."

அவர் மதிலில் பெயர்ந்திருந்த காரையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அம்மாவை உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போறதா நிய்யத் வச்சிருக்கேன். மக்காவுலருந்து தம்மாம் ரொம்ப தூரம்தான். ஆனா பஸ்ஸு போகுதாம்ல."

"பொம்பளைங்களைக் கபுருஸ்தான் உள்ள விடமாட்டாங்களாம். பேரும் எழுதி வைக்கமாட்டாங்களாம். வெறும் கல்லுதானாம். எதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டி என்ன? எல்லாத்துக்கும் சேத்து ஒரு சலாம் சொன்னா அவருக்கும் போய்ச் சேராதா?" என்றார் சிராஜுதீன். அவள் முகத்தைப் பார்க்காமல், கூச்சத்தோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். "நீங்க வெளிய செவுத்தோரமா நில்லுங்க. நான் உள்ள போயி சொல்லிட்டு வர்றேன். நானும் அவருக்கு ஒரு சலாம் சொல்லணும்ல. என்ன சொல்லணும்னு மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

என்ன சொல்வது? பதினாலு வருஷம் தொண்டையில் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றது. அம்மா போனதைச் சொல்லவா, நீ அனுப்பின போர்வை இன்னும் கிழியவில்லை என்று சொல்லவா, ஏன் கடைசி வாரம் கூப்பிடவில்லை என்று கேட்கவா, குரலை மறந்ததுக்கு மாப்புக் கேட்கவா. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அந்த மனுஷன் அவசரப்படுத்தவில்லை, காத்துக்கொண்டு நின்றார். தூரத்தில் கமரு மதினி பொரிகடலையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டு இவள் உதட்டையே பார்த்தாள். மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். சொல்லும்போது குரல் உடைந்தது, ஆனாலும் காற்றையும் மீறிப் பாயில் இருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. நீங்க யாருன்னும் சொல்லிருங்க."